ஆவேத் மடித்த இலை

முன்னொரு காலத்து மாலைப்பொழுது அது. முத்துக் குளிக்கும் கடற்கரை நாடு ஒன்றில் மரியம் என்ற கிழவி தன் கணவரிடம், "கொல்லைக் கதவைச் சாத்திட்டு வாங்க, ஆடு வந்துரும்" என்றாள். அவர் போய்ப் பார்த்தபோது பக்கத்து வீட்டு ஆடு ஏற்கெனவே உள்ளே நின்று கீரையை மேய்ந்துகொண்டிருந்தது. அதை விரட்டிக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார். அதற்குள் மரியம் உட்கார்ந்த இடத்திலேயே தலை சாய்ந்து போய்விட்டிருந்தாள்.

இருவரும் கடல் கடந்து வந்தவர்கள். கணவர் ஆவேத், கப்பல் தச்சராக உழைத்து ஓய்ந்தவர். மரியம் கண் வைத்தியம் அறிந்தவள். ராஜமாதாவுக்குப் பார்வை மீட்டுக் கொடுத்ததற்காக அந்நாட்டிலேயே குடியிருக்க அவளுக்கு அனுமதி கிடைத்திருந்தது. ஆவேத்துக்கென்று தனி அனுமதி இல்லை. மரியத்தின் கணவர் என்பதுதான் அவருடைய அனுமதி.

அனுமதி ஏன் வேண்டும் என்றால், அதற்குக் காரணம் மன்னருடைய கோபம். ஒருமுறை அவர் மாறுவேடத்தில் துறைமுகம் போனார். அப்போதுதான் கப்பலிலிருந்து இறங்கிய அயல்நாட்டு வியாபாரி ஒருவன், கூலியாள் என்று நினைத்து அவர் தலையில் மூட்டையை ஏற்றிவிட்டான். மன்னரும் திகைப்பில் சத்திரம் வரைக்கும் சுமந்துபோய் இறக்கி வைத்தார். அரண்மனைக்கு வந்த பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. மறுநாளே சட்டம் போட்டார்: இந்நாட்டில் உறவு இல்லாத அயலார் எவரும் இங்கே குடியிருக்கலாகாது. ஆனால் பசியோடு ஒருவரை அனுப்பினார் என்ற பேர் வரக்கூடாது அல்லவா? ஆகவே போகிறவர் மன்னரின் பக்கத்தில் அமர்ந்து விருந்துண்டுவிட்டுக் கப்பலேற வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

மரியத்தைக் கடற்கரைப் புன்னை மரத்தடியில் அடக்கம் செய்தார்கள். அக்கம்பக்கத்தார் தங்கள் வழக்கப்படியே காரியச் சாப்பாடும் போட்டார்கள். அரண்மனை விகடர் பூவணனும் வந்து பந்தியில் உட்கார்ந்தார். மரியத்திடம் கண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டவர் அவர். சாப்பாடு முடிந்ததும் எல்லாரும் இலையை மடிக்க, ஆவேத் மட்டும் விழித்தார். வீட்டில் தட்டில் சாப்பிட்டே பழகியவர். பக்கத்து வீட்டு ஆட்டுக்காரி அலமேலு குனிந்து, இலையின் கீழ்ப்பாதியைத் தூக்கி எதிர்ப்பக்கமாக மடிக்கும்படி சொல்லிக் கொடுத்தாள். அவரும் அப்படியே மடித்தார். பூவணன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துறைமுக அதிகாரி வில்லவராயர் என்று ஒருவர் இருந்தார். கடலைப் பார்த்த ஆவேத்தின் வீட்டைத் தம் மைத்துனனுக்கு வாங்கிக் கொடுக்க அவருக்கு ரொம்ப நாளாக ஆசை. மன்னரைப் பூவணன் சிரிக்க வைக்கும்போதெல்லாம் வில்லவராயருக்கு வயிறு எரியும். கிழவி போன சேதி கேட்டதும் அவர் சபையில் எழுந்து, அந்தக் கிழவருக்கு இனி இங்கே உறவென்று யாருமில்லை, வரும் பௌர்ணமிக் கப்பலில் அனுப்பிவிடலாம் என்றார். பூவணன் பரிந்து பேசிப் பார்த்தார். சட்டத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது என்றார் மன்னர்.

"விகடரே, எழுத்து மாறாமலே அவரை இருக்க வைக்கும் வித்தை உம்மிடம் உண்டோ?" என்றார் வில்லவராயர். "இல்லையென்றால் அதே கப்பலில் நீரும் ஏறுவீரா?"

மன்னருக்கு இந்தப் பந்தயம் பிடித்துப்போயிற்று. அப்படியே ஆகட்டும் என்றார்.

"ஏறுகிறேன், மன்னா. ஆனால் அடியேனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. வில்லவராயர் கப்பலுக்குள்ளே வந்து பக்கத்தில் நின்று வழியனுப்பட்டும். வாந்தி வீண்போகாது" என்றார் பூவணன்.

அன்று மாலை அவர் ஆவேத்தைப் பார்க்கப் போனார். ஊருக்குப் போனால் பிள்ளைகள், பேரர்கள் என்று யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்தார். அண்ணன் மகன் ஒருவன் இருக்கிறான் என்றார் கிழவர். முகம் நினைவில்லை என்றும் சொன்னார். புன்னை மரத்தைக் காட்டி, "அவ இங்க இருக்கா. அங்க போனா, கதவைச் சாத்துன்னு எனக்கு யாரு சொல்லுவா?" என்றார்.

பூவணனுக்குச் சிரிக்க வைக்கத்தான் தெரியும். கிளம்பும்போது மட்டும், "விருந்துல நல்லா சாப்பிடுங்கய்யா. முடிஞ்சதும் உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி இலையை மடிச்சிடுங்க. அது போதும்" என்றார்.

பௌர்ணமியன்று விருந்து. மன்னருக்கு வலப்பக்கம் ஆவேத். எதிர்வரிசையில் பூவணனும் வில்லவராயரும். வில்லவராயர் பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். துறையில் கப்பல் காத்திருந்தது. ஆவேத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் போட்டதை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். பிறகு இலையின் கீழ்ப்பாதியை இரண்டு கையாலும் பிடித்து, எதிர்ப்பக்கமாகத் தூக்கினார்.

பரிமாறுகிறவன் கையிலிருந்த மோர்ச்செம்பு கீழே விழுந்தது. அப்படி மடிப்பது சாவு வீட்டில் மட்டும்தான். இப்படியொரு சாப்பாடு இந்த வீட்டில் மறுபடியும் நேரக்கூடாது என்பதற்காக. மன்னர் பாய்ந்து கிழவரின் கையைப் பிடித்தார்.

"பெரியவரே, என் வீட்டில் அப்படிச் செய்யக்கூடாது. இப்படி மடிக்க வேண்டும்" என்று சொல்லி, இலையின் மேல்பாதியைத் தம் கையாலேயே கிழவரின் பக்கமாக மடித்து வைத்தார்.

"தெரியாம செஞ்சுட்டேன், ராஜா. மரியத்துக்குப் போட்ட சாப்பாட்டுல இப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க. எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்" என்றார் ஆவேத்.

மன்னர் கிழவரின் கையை விடவில்லை.

பூவணன்தான் மெல்லக் கேட்டார்: "மன்னா, அடியேனுக்கு ஒரு சந்தேகம். இலையை உண்டவர் பக்கமாக மடித்தால் என்ன பொருள்?"

"இது தெரியாதா உனக்கு? இந்த வீட்டோடு உறவு நீடிக்க வேண்டும் என்று பொருள்."

"மடித்தது யார்?"

"நான்தான்" என்றார் மன்னர். சொன்ன பிறகுதான் அவருக்கு விளங்கியது.

"உறவு இல்லாத அயலார் போக வேண்டும் என்பது சட்டம். அதில் ஓர் எழுத்தையும் அடியேன் தொடவில்லை" என்றார் பூவணன்.

வில்லவராயருக்குப் பொறுக்கவில்லை. "மன்னா, அந்த இலையைப் பிரித்து, எதிர்ப்பக்கமாகவே மடிக்கச் சொல்லுங்கள்" என்று அவசரப்பட்டார். பந்தி முழுவதும் அவரைத் திரும்பிப் பார்த்தது. மன்னரின் விருந்தில் சாவு வீட்டு மடிப்பைக் கேட்ட வாயை அவரே கையால் பொத்திக்கொண்டார்.

"கப்பலில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, ஐயா. மைத்துனருக்குக் கடல்காற்றுப் பிடிக்குமாமே" என்றார் பூவணன்.

மன்னருக்குச் சிரிப்பு பீறிட்டது. கண்ணில் நீர் வரச் சிரித்தார். தம் முத்து மாலையைக் கழற்றிப் பூவணன் கழுத்தில் போட்டார். பிறகு ஆவேத்தின் பக்கம் திரும்பி, மரியம் என் தாய்க்குக் கண் கொடுத்தவள், உறவென்று அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும் என்றார். இனி யாரிடமும் அனுமதி கேட்காமல் அந்த வீட்டிலேயே இருக்கலாம் என்றும் சொன்னார்.

பூவணன் கிழவரை வீடு வரை கொண்டுவந்து விட்டார். கப்பல் பாய் விரித்துத் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. பொழுது சாய்கிற நேரம். ஆவேத் எதையோ நினைத்துக்கொண்டவர்போல் எழுந்து கொல்லைக் கதவைச் சாத்தப் போனார்.

ஆடு ஏற்கெனவே உள்ளே நின்றிருந்தது.