ஸ்டீரிங்கைத் திருப்பாமல் பொண்ணு பார்க்கப் போனவர்கள்

ஓலக்காடு என்கிற ஊரில், கார்ச் சக்கரங்களை நேராக்கித் தருகிற ஒரு வீல் அலைன்மென்ட் கடை இருந்தது. முதலாளி நாச்சிமுத்து. அவனுக்குக் கீழே சென்னியப்பன், அத்தப்பன் என்று ரெண்டு பேர். மூணு பேர் மூளையையும் ஒண்ணாகக் கூட்டினாலும் ஒரு ஆளுக்குப் பத்தாது. ஆனால் கெட்டவர்கள் இல்லை. சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள், கோளாறே அதுதான்.

ஒருமுறை ஒருத்தர், "நான் வர்ற வரைக்கும் சக்கரத்தைக் கழட்ட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கறி வாங்கப் போனார். திரும்பி வந்து சாவியைக் கேட்பதற்குள் நாலு சக்கரத்தையும் கழற்றி அவர் காலடியில் போட்டுவிட்டார்கள். அவர் வந்துவிட்டார் அல்லவா.

இந்தக் கடையில்தான் லோகநாதன் தன் காருக்கு அலைன்மென்ட் செய்தான். சக்கரமெல்லாம் நேராகத்தான் வந்தது. ஆனால் மறுநாள் காலையில் வண்டியைக் கிளப்பினால், முன்னால் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் லைட்டு. கார் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு படம் போட்டு எரிந்தது.

வேறு நாளாக இருந்தால் விட்டிருப்பான். அன்றைக்குப் பொண்ணு பார்க்கப் போக வேண்டும், செம்மாண்டிப்பாளையத்துக்கு. பொண்ணு பேர் கஸ்தூரி. தேர் நோம்பித் திருவிழாவில் கரும்பு ஜூஸ் கடை முன்னால் அவளைப் பார்த்ததிலிருந்து லோகுவுக்குச் சோறு இறங்கவில்லை. கட்டினால் அவளைத்தான் என்று இருந்தான்.

அவள் அப்பா அர்த்தனாரி காலமெல்லாம் லாரி ஓட்டினவர். வாசலுக்கு மாப்பிள்ளை வந்தால் மூஞ்சியைப் பார்க்க மாட்டார், டேஷ்போர்டைத்தான் பார்ப்பார். ஆயில் லைட்டு எரிந்ததற்காக ஒரு பேங்க் மாப்பிள்ளையைக் காப்பி கூடக் கொடுக்காமல் அனுப்பினவர் அவர். வண்டியைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவன் பொண்ணை எங்கே பார்த்துக்கொள்வான் என்பது அவர் கட்சி.

லோகு அம்மாவையும் சித்தியையும் பஸ்ஸில் முன்னால் அனுப்பிவிட்டு, தேங்காய்ப்பழத் தட்டோடு கடைக்கு ஓடினான். எப்படியாவது லைட்டை அணைத்துக் கொடுங்கள் என்றான். நாச்சிமுத்துவுக்கு அது என்ன லைட்டு என்றே தெரியாது. கார் கம்பெனிக்குப் போன் போட்டான்.

அந்தப் பக்கம் பேசியவர் பொறுமையான மனுசன். சக்கரத்தை மட்டும் நேராக்கினால் போதாது, ஸ்டீரிங்குக்குக் கீழே ஒரு சென்சார் இருக்கிறது, எது நேர் என்று அதற்கும் தெரிய வேண்டும் என்று விளக்கினார். வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். பாரம் எதுவும் இருக்கக்கூடாது. சாவியைப் போட்டுக் கொஞ்ச நேரம் விடுங்கள். அப்புறம் ஸ்டீரிங்கைத் திருப்பாமல் நேராக ஓட்டுங்கள், லைட்டு தானாக அணையும். இவ்வளவுதான் சொன்னார். ஒரு பச்சைப் பிள்ளைக்குக் கூடப் புரியும்.

முதலில் சமதளம். நாச்சிமுத்து ஒரு வட்டலில் தண்ணீர் ஊற்றிக் கடைக்குள் வைத்தான். தண்ணீர் மட்டமாக நின்றது. வாசலில் வைத்தான், மட்டமாகத்தான் நின்றது. பின்னால் சரிவில் வைத்தான், அங்கேயும் அப்படியே.

"அப்ப ஊரே சமதளந்தானுங்கணா" என்றான் சென்னியப்பன்.

அத்தப்பன் ஒத்துக்கொள்ளவில்லை. "ஊரு சமம் இல்லீடா. தண்ணிதான் சமம். போற பக்கமெல்லாம் அது தன்னைத்தானே சமம் பண்ணிக்குது."

மூணு பேரும் யோசித்தார்கள். தண்ணீர் இருக்கிற இடமெல்லாம் சமம் என்றால், தண்ணீர் விட்ட இடம் சமமாகிவிடும். உடனே மோட்டாரைப் போட்டுப் பின்னால் இருந்த சரிவில் தண்ணீர் கட்டினார்கள். சேறு முழங்கால் அளவுக்கு வந்ததும் காரை அதற்குள் தள்ளி நிறுத்தினார்கள். லோகுவின் பட்டு வேட்டி காவி வேட்டி ஆனது. கடைக்குள்ளே அலைன்மென்ட் மிஷின் நிற்கிற சிமெண்டுத் தரை சமமாகத்தான் கிடந்தது. அது யாருக்கும் தோன்றவில்லை. மாப்பிள்ளைக்காவது தோன்றியிருக்கும் என்று நினைக்கிறீர்களா. அவனும் அந்த ஊர்க்காரன்தான்.

அடுத்தது பாரம். தேங்காய்ப்பழத் தட்டை எடுத்தார்கள். ஸ்டெப்னியை எடுத்தார்கள். சீட்டும் பாரம்தானே என்று எல்லாச் சீட்டையும் கழற்றிக் கடைக்குள் அடுக்கினார்கள். சாவி போட ஆள் உள்ளே உட்கார்ந்தால் அதுவும் பாரம். அதனால் நாச்சிமுத்து சேற்றில் நின்றபடியே ஜன்னல் வழியாகக் கையை மட்டும் விட்டுப் போட்டான். கை பாரம் இல்லையா என்று அத்தப்பன் கேட்டான். கை உடம்போடதான் ஒட்டியிருக்கிறது, உடம்பு வெளியே நிற்கிறது, அதனால் கணக்கில் வராது என்று முடிவானது.

எது நேர் என்று சென்சாருக்குத் தெரிய வேண்டுமாமே. சென்னியப்பன் குனிந்து ஸ்டீரிங்குக்கு அடியில் வாயை வைத்து, ரோடு இருக்கிற பக்கம் கையைக் காட்டி, "இதான் சாமி நேர். மறந்துராத" என்று ரெண்டு தரம் சொன்னான்.

பிறகு வண்டியைச் சேற்றிலிருந்து தள்ளி ரோட்டில் விட்டார்கள். நாச்சிமுத்து ஒரு ஆயில் டின்னைக் கவிழ்த்துப் போட்டு ஓட்ட உட்கார்ந்தான். மற்றவர்கள் வெறும் தகரத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார்கள். ஸ்டீரிங்கைத் தெரியாத்தனமாகக் கூடத் திருப்பிவிடக்கூடாது என்று அத்தப்பன் அதைத் துண்டால் இறுக்கிக் கட்டினான். கொஞ்ச தூரம்தான் போயிருப்பார்கள். லைட்டு அணைந்தது.

நியாயமாகக் கதை இங்கே முடிய வேண்டும்.

ஆனால் எதிரில் ரோடு வளைந்தது. நாச்சிமுத்து பிரேக்கைப் போட்டான். ஸ்டீரிங்கைத் திருப்பாதே என்றுதான் கம்பெனிக்காரர் சொன்னார், எப்போது திருப்பலாம் என்று சொல்லவே இல்லை. திருப்பி, லைட்டு மறுபடி வந்துவிட்டால்?

"வேண்டாமுங்ணா" என்றான் லோகு. "அவங்கப்பா பாக்கற வரைக்கும் திருப்பவே வேண்டாம்."

"திருப்பாம எப்படிங் மாப்ள வளையறது?" என்று கேட்டான் நாச்சிமுத்து.

இதற்கு அத்தப்பன்தான் வழி கண்டுபிடித்தான். ஸ்டீரிங்கைத்தானே திருப்பக்கூடாது, காரைத் திருப்பலாமே. நாலு பேரும் இறங்கிப் பின்பக்கத்தைத் தூக்கினார்கள். சீட்டு இல்லாததால் லேசாக இருந்தது. அப்படியே நகர்த்தி, ரோடு போகிற பக்கம் பார்க்க வைத்து, மறுபடி ஏறிக்கொண்டார்கள்.

செம்மாண்டிப்பாளையம் ரோடு பாம்பு மாதிரி வளைந்து போகும். ஒவ்வொரு வளைவிலும் இறங்கினார்கள், தூக்கினார்கள், ஏறினார்கள். பின்னால் வந்த டவுன் பஸ் ஆரன் அடித்து ஓய்ந்து, கடைசியில் கண்டக்டரே இறங்கி ஒரு கை கொடுத்தார். ராகு காலம் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், பொண்ணு வீட்டு வாசலுக்கு நேராகக் காரைத் தூக்கி வைத்து, உள்ளே ஓட்டி நிறுத்தினார்கள்.

அர்த்தனாரி வந்தார். சேற்று வேட்டியைப் பார்க்கவில்லை. தலையை உள்ளே விட்டு டேஷ்போர்டைப் பார்த்தார். ஒரு லைட்டும் எரியவில்லை. சீட்டு எங்கே என்று மட்டும் கேட்டார். பாரம் இருக்கக்கூடாதென்று கம்பெனியில் சொன்னதை நாச்சிமுத்து எடுத்துச் சொன்னான்.

அர்த்தனாரி ரொம்ப நேரம் தலையை ஆட்டினார். "நானும் லாரியில பாரம் ஏத்தாத நாளே இல்ல. அதான் எப்பப் பாத்தாலும் ஏதாச்சும் ஒரு லைட்டு எரிஞ்சுட்டே இருந்திருக்குது" என்றார். பொண்ணு கொடுக்கச் சம்மதம் என்று, பஸ்ஸில் வந்து காத்திருந்த லோகுவின் அம்மாவோடு அப்போதே வெற்றிலை பாக்கு மாற்றினார்.

கிளம்பும்போதுதான் சிக்கல். ஒரு பக்கம் மாட்டுக் கொட்டாய், ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி. காரைத் தூக்கித் திருப்ப இடமே இல்லை. கொட்டாயை இடிக்கலாமா, தொட்டியை இடிக்கலாமா என்று ஆண்கள் எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். கதவோரம் நின்ற கஸ்தூரி முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க, ரிவர்ஸ்லயே ஊருக்குப் போயிட்டா எதையும் திருப்ப வேண்டாமில்லீங்க?"

இப்படிப்பட்ட பொண்ணு கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று சென்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அர்த்தனாரி திருநீறு பூசி வழியனுப்பினார். "நல்ல காரியம் பேசி முடிச்சிருக்குது. திரும்பிப் பாக்காமப் போங்க" என்றார்.

நாச்சிமுத்து அப்படியே செய்தான். ரிவர்ஸ் கியரைப் போட்டுக் கண்ணைக் கஸ்தூரி வீட்டு வாசலிலேயே வைத்துக்கொண்டான். கண்ணாடியில் பார்த்தாலும் பார்த்ததுதானே என்று அத்தப்பன் அதையும் மடக்கிவிட்டான். லோகு கையை ஆட்டிக்கொண்டே போனான், கஸ்தூரியும் ஆட்டினாள். கார் ரோட்டுக்கு வந்தது, ரோட்டைத் தாண்டியது, எதிரில் இருந்த தோட்டத்துக்குள் இறங்கியது, அங்கே இருந்த பெரிய வைக்கோல் போருக்குள் புகுந்து நின்றது. மேலிருந்து வைக்கோல் சரிந்து காரையே மூடிவிட்டது. நாச்சிமுத்து சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தான்.

உள்ளே கும்மிருட்டு. நாச்சிமுத்து டேஷ்போர்டு இருக்கிற பக்கம் உற்று உற்றுப் பார்த்தான். அப்புறம் இருட்டில் தடவி லோகுவின் தோளைத் தட்டினான்.

"மாப்ள, அந்த ஒரு லைட்டை மட்டுந்தான் அணைக்கச் சொன்னீங்க. இப்பப் பாருங்க, உலகத்துல எந்த லைட்டுமே எரியல."