குனியாதவருக்கு ஒரு கதவு

பலர் அவரவர் வீட்டிலிருந்தே சேர்ந்து, கட்டை கட்டையாக அடுக்கி ஊர் கட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டு அது. கோட்டையைக் கட்டியது எல்லாரும். மகாராஜா மட்டும் குபேந்திரன். விளையாட்டு அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடுகிறதே! கஜானா வாசலில் தன் சிலையை நிறுத்தி, வருகிறவர்கள் குனிய வேண்டும் என்று சட்டமும் போட்டிருந்தார்.

ஒருநாள் மைக்கில் முழங்கினார்: “ஏம்மா தில்ஷாத், சர்க்யூட் தெரியும்னியே! கஜானாவுக்குக் கதவு போடு. சாவி கூடாது, காவல் கூடாது, எனக்கு மட்டும் திறக்கணும். இல்லேன்னா உன் வீட்டை இடிச்சிருவேன்.”

நிலக்கரி தோண்டிக்கொண்டிருந்த தில்ஷாத் வந்து ஒரு மிதிபலகை பதித்தாள். மிதித்தால் கதவு திறக்கும். கூடவே ஆள் குனிவதை உணரும் கருவி, அதன் சிக்னலைத் தலைகீழாக்கும் ‘நாட் கேட்’ என்ற சர்க்யூட் துண்டு; குனிந்தால் அது திறக்க விடாது.

“இங்க குனியாத ஆள் நீங்க ஒருத்தர்தானே, மகாராஜா?”

குபேந்திரன் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். திறந்தது! பின்னாலேயே ஊரும் நிமிர்ந்து நடந்தது. எல்லாருக்கும் திறந்தது!

மகாராஜா அலறியடித்து வெளியே ஓடிவந்தார். “அந்த நாட் கேட்டைப் பிடுங்கி எறி!”

“பிடுங்கினா, குனிஞ்சாத்தான் திறக்கும். பரவாயில்லையா?”

“பிடுங்குன்னா பிடுங்கு!”

பிடுங்கினாள். கதவு மூடிக்கொண்டது. உள்ளே ஊரே அவருடைய வைரத்தை அள்ளிக்கொண்டு சிரித்தது. குபேந்திரன் மிதித்துப் பார்த்தார், குதித்துப் பார்த்தார். கதவு அசையவில்லை. கடைசியில் தன் சிலைக்கு முன்னால் லேசாகத் தலையைச் சாய்த்தார்.

தில்ஷாத் மைக்கைத் தட்டினாள்.

“இன்னும் கொஞ்சம் குனியணும், மகாராஜா!”