தலைவருக்குத் தெரியாத வேலை

குருவுக்கு வயது இருபத்தாறு. சீடருக்கு ஐம்பத்திரண்டு.

சீடரின் பெயர் ஆதிமூலம். மருதேந்தல் இளைஞர் நற்பணி மன்றத்தின் தலைவர். இருபத்து நான்கு வயதில் தலைவரானார். அதன்பிறகு அவரை இறங்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. இறங்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை. பொங்கல் விளையாட்டு விழாவுக்கு வைக்கும் பேனரில் மட்டும் அந்த இருபத்து நான்கு வயதுப் படமே இன்னும் சிரித்துக்கொண்டிருக்கும். அது தலைவருடைய மகன் என்று ஊரின் சின்னப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மனிதரைக் குறை சொல்ல முடியாது. ரத்த தான முகாமா, கண் சிகிச்சை முகாமா, கபடிப் போட்டியா, முதல் ஆளாக நிற்பார். பந்தல்கால் ஊன்றுவதும் அவர்தான், எல்லாம் முடிந்து நாற்காலி அடுக்குவதும் அவர்தான். நடுவில் யாராவது ஒரு கை கொடுக்க வந்தால், "விடுப்பா, உனக்கு வராது" என்பார்.

அந்த வருஷம் வரத்துக்கால் பெரிய கவலையாக வந்து நின்றது. மழைத்தண்ணீரைக் கண்மாய்க்குக் கொண்டுவரும் வாய்க்கால் அது. மேலே பனையடி ஊர் எல்லை வரைக்கும் சுத்தமாக இருந்தது. மருதேந்தல் எல்லை தொடங்கியதும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. போன மழைக்கு வந்த தண்ணீர் அங்கே முட்டி, திரும்பி, ஓடையில் விழுந்து வீணாகப் போனது. கண்மாயில் ஆடு மேய்ந்தது. ஐப்பசிக்குள் வெட்டாவிட்டால் இந்த வருஷமும் நடவு கிடையாது. இயந்திரம் கேட்டு மனுக் கொடுத்தாகிவிட்டது. அது வரும்போது வரும்.

ஞாயிறுதோறும் வேலை என்று ஆதிமூலம் அறிவித்தார். முதல் ஞாயிறு பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். வந்தவர்களுக்கு அவர் வகுப்பெடுத்தார். அரிவாளை அப்படிப் பிடிக்காதே, இப்படிப் பிடி. அங்கே நிற்காதே, முள் விழும். கொண்டா இங்கே, நான் காட்டுகிறேன். காட்டுகிறேன் என்று வாங்கிய அரிவாளை யாருக்கும் அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. மதியம் வரை அவர் வெட்டினார், மற்றவர்கள் செல்போன் பார்த்தார்கள்.

அருள்தாஸ் என்ற பையன் மட்டும் ஒரு வார்த்தை சொன்னான். பையன் என்றாலும் டிப்ளமோ முடித்து, வேலைக்குப் போகும் ஆள்தான்.

"தலைவரே, மேலாக வெட்டுனா திரும்பத் தளிர்த்துரும். தூரோட, வேரோட எடுக்கணும்."

"நீ பொறக்குறதுக்கு முன்னாடியே நான் கருவேலம் வெட்டுனவன்டா."

அடுத்த ஞாயிறு நாலே பேர். ஆதிமூலத்துக்கு வந்ததே கோபம்! சாயங்காலம் நேராகக் கோயிலுக்குப் போய் மைக்கைப் பிடித்தார். அந்த மைக்கில் திருவிழாவுக்கு நன்கொடை கொடுத்தவர்களின் பெயரைத்தான் வாசிப்பது வழக்கம். இவர் வேலைக்கு வராதவர்களின் பெயரை, அப்பன் பெயரோடு சேர்த்து, ஊருக்கே கேட்கும்படி வாசித்தார். அருள்தாஸ் பெயரும் அதில் இருந்தது. அவன் அன்றைக்கு மதுரையில், யாரோ ஒரு பிரசவக்காரிக்கு ரத்தம் கொடுக்கப் போயிருந்தான். மன்றத்தின் ரத்த தானக் குழுவிலிருந்துதான் அனுப்பியிருந்தார்கள்.

அவனுடைய அம்மா மரியபுஷ்பம் வாசலில் வந்து நின்று கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

மூன்றாவது ஞாயிறு ஒருவரும் வரவில்லை. ஆதிமூலம் தனியாக வெட்டினார். முதுகு பிடித்துக்கொண்டது. முள்ளுக்குள் குத்தவைத்து உட்கார்ந்தவருக்கு அழுகை வந்தது. முதுகு வலியால் வந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பிறகுதான் பனையடிக்குக் கிளம்பினார்.

பனையடி மன்றத்துக்குச் செயலாளர் பொற்கொடி. இ-சேவை மையம் நடத்துகிற இருபத்தாறு வயதுப் பெண். அவள் ஒரு வார்த்தை சொன்னால் ஊரே திரண்டுவிடுகிறது என்று கேள்விப்பட்டிருந்தார். இவர் போன அன்று அங்கே பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கருவேலம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். திருவிழாக் கூட்டம்போல் ஆட்கள். பொற்கொடி ஒரு ஓரமாக அரிவாளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க தலைவரே! என்ன, எங்க ஊருப்பக்கம்?"

"ஒண்ணு கேட்கணும் தாயி."

"கேளுங்க. கையி மட்டும் வேலை பார்க்கட்டும்."

ஆதிமூலம் வாயைத் திறந்தார், கேள்வி வரவில்லை. அவள் வெட்டுவதைப் பார்த்தார். மரம் எந்தப் பக்கம் சாயும் என்ற நினைப்பே இல்லாமல் வெட்டினாள். கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் துண்டை இடுப்பில் கட்டினார்.

"தள்ளு தாயி. காலுல விழப்போகுது. கொண்டா."

அவள் உடனே கொடுத்துவிட்டாள். கொடுத்துவிட்டு வேறு பக்கம் போய்விட்டாள். ஆதிமூலம் அந்த மரத்தை முடித்து, அடுத்ததை முடித்து, மதியச் சோற்றையும் அங்கேயே தின்று, வெயில் தாழும் வரை வெட்டினார். கேட்க வந்தது சாயங்காலம் டீ குடிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

"தாயி, எங்க ஊருல ஒரு பய வரமாட்டேங்கிறான். நீ என்ன சொல்லிக் கூப்பிடுற? அதைச் சொல்லு."

"இன்னைக்கு உங்களை யாரு கூப்பிட்டா?"

"என்னையா? யாரும் கூப்பிடலையே."

"பின்ன எதுக்கு எங்க ஊரு மரத்தை வெட்டுனீங்க?"

"நீ வெட்டுன லட்சணத்தைப் பார்த்துக்கிட்டு நிக்க முடியலைத்தா."

பொற்கொடி சிரித்தாள். "வர்ற ஞாயிறு நான் அங்கிட்டு வாரேன். ஆனா நான் சொல்றபடி கேட்கணும்."

"கேட்குறேன்."

"மறுவார்த்தை பேசக் கூடாது."

"பேசலை."

வீட்டில் இதைச் சொன்னபோது அவர் மனைவி இந்திராணி அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். "கல்யாணமான நாளுல இருந்து நான் சொல்றதை ஒருநாள் கேட்டிருக்கீகளா? யாரோ ஒரு புள்ளை சொன்னா கேட்பீகளோ?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நியாயமான கேள்விதான். ஆதிமூலம் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றிக்கொண்டார்.

ஞாயிறு காலை பொற்கொடி ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். வரத்துக்கால் பாலத்துக்குப் பக்கத்தில், டீக்கடைக்கு எதிரே ஆதிமூலம் காத்திருந்தார். கடையில் ஊர் இளவட்டங்கள் எல்லாம் இருந்தார்கள். இவர் பக்கம் மட்டும் ஒருவரும் திரும்பவில்லை.

பொற்கொடி கரையில் கொஞ்ச தூரம் நடந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"இந்த வேலையில உங்களுக்கு என்ன தெரியாது, தலைவரே?"

"தெரியாததா? எல்லாம் தெரியும் தாயி."

"யோசிச்சுச் சொல்லுங்க. அவசரம் இல்லை."

அவள் பாலத்துச் சுவரில் உட்கார்ந்துகொண்டாள். ஆதிமூலம் யோசித்தார். அரிவாள் தெரியும். கோடாலி தெரியும். எத்தனை பேருக்கு எவ்வளவு அரிசி போட வேண்டும் என்று தெரியும். எந்த அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரியும். யோசித்துக்கொண்டே வாய்க்காலுக்குள் இறங்கினார். முதல் ஞாயிறு அவர் தன் கையால் வெட்டிய மரங்களின் அடித்தூர்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் கொத்துக் கொத்தாகப் பச்சைத் தளிர். ஆட்டுக்கு ஒடித்துப் போடலாம், அவ்வளவு தளிர்.

ஒரு தளிரைக் கிள்ளிப் பார்த்தார். மேலே வந்தபோது முகம் சுண்டிப்போயிருந்தது.

"தூரெடுக்கத் தெரியாது" என்றார்.

"சரி. போய் மைக்குல சொல்லுங்க."

"எதை?"

"இப்பச் சொன்னீங்களே, அதை."

"தாயி, இந்த ஊருல எனக்குன்னு ஒரு இது இருக்கு."

"மறுவார்த்தை பேச மாட்டேன்னீங்க."

அந்த மைக்கில் அவர் அமைச்சர் வருகையை அறிவித்திருக்கிறார். கபடிக்கு வர்ணனை கொடுத்திருக்கிறார். குரல் நடுங்கியது அன்றைக்குத்தான்.

"மருதேந்தல் மக்களுக்கு மன்றத் தலைவர் ஆதிமூலம் பேசுறேன். முதல் ஞாயிறு நான் வெட்டுன மரமெல்லாம் திரும்பத் தளிர்த்துருச்சு. அருள்தாஸ் அன்னைக்கே சொன்னான். நான் கேட்கலை. அவன் பேரை இதே மைக்குல வாசிச்சதும் தப்பு. அவன் அன்னைக்கு ரத்தம் குடுக்கப் போயிருந்தான். எனக்குத் தூரெடுக்கத் தெரியலை. தெரிஞ்சவங்க யாராச்சும் வந்து காட்டுங்க."

மைக்கை அணைத்தார்.

வரத்துக்காலுக்குத் திரும்பி, கடப்பாறையை எடுத்து ஒரு தூரில் குத்தினார். அது நங்கென்று எகிறியது. இரண்டாவது குத்துக்கு டீக்கடையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. தலைவருக்குத் தெரியாத வேலை ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதைப் பார்க்கவே ஆட்கள் பாலத்தின் மேல் வந்து நின்றார்கள். வேலை செய்ய வந்தவர்கள் அல்ல அவர்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள்.

"சுத்தி மண்ணைப் பறிக்காம குத்துனா எப்படி வரும்?" என்றது ஒரு குரல்.

"பக்கவேரை முதல்ல அறுக்கணும்" என்றது இன்னொன்று.

"அதெல்லாம் தண்ணி ஊத்தி ஊற வச்சுட்டுத்தான்..."

"நீ பெரிய இவன். எறங்கிக் காட்டேன்."

"காட்டுறேன்டா. அந்த மண்வெட்டியக் குடு."

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அருள்தாஸ் வந்தான். முகத்தில் சிரிப்பில்லை. தலைவரையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் சட்டையைக் கழற்றிப் பாலத்துச் சுவரில் போட்டுவிட்டு இறங்கினான்.

"தள்ளுங்க தலைவரே. காலுல போட்டுக்கிடாதீக."

ஆதிமூலம் தள்ளி நின்றார். பையன் சுற்றிலும் பறித்தான், பக்கவேரை வெட்டினான், நெம்பினான். தூர் முனகிக்கொண்டு வெளியே வந்தது. பாலத்தின் மேலே விசில் பறந்தது.

பத்து மணிக்கெல்லாம் வாய்க்காலுக்குள் கால் வைக்க இடமில்லை. எங்கிருந்து வந்தன இத்தனை கடப்பாறைகள் என்று தெரியவில்லை. மரியபுஷ்பம்கூட வந்தாள். ஆதிமூலத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் வெட்டிப்போட்ட முள்ளை வாரிக் கட்டியது அவள்தான்.

வந்தவர்களில் ஒருவன் கடப்பாறையைப் பிடித்த விதம் சரியில்லை. ஆதிமூலத்தின் கை பரபரத்தது. "அடேய், அப்படி இல்லை..." என்று ஒரு அடி எடுத்து வைத்தார். பொற்கொடி குறுக்கே வந்து அவர் ஒரு கையில் டீத்தூக்குவாளியையும் மறு கையில் கண்ணாடித் தம்ளர்களையும் திணித்தாள்.

"இது எதுக்கு?"

"டீ குடுக்கத்தான். கீழ வச்சுறாதீங்க, மண்ணு விழும்."

அன்று முழுக்க அவர் தூக்கைக் கீழே வைக்கவில்லை. தப்பாகக் கடப்பாறை பிடித்தவனை நாலு பேர் திட்டினார்கள். மதியத்துக்குள் அவன் சரியாகப் பிடித்துக்கொண்டான். வெயில் சாயும் நேரத்தில் ஆதிமூலம் கடைசித் தம்ளர் டீயைத் தான் குடித்தார். வாழ்நாளில் ஒரு வேலை நடப்பதை இத்தனை நேரம் சும்மா பார்த்தது அதுவே முதல் தடவை. சந்தோஷமாக இருந்தது, அதை யாரிடமும் சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

எல்லோரும் கலைந்து போனார்கள். கண்மாய் வரைக்கும் வாய்க்கால் திறந்து கிடந்தது. கண்மாய்க்குக் கொஞ்சம் முன்னால் பெரிய தூர் ஒன்று மட்டும் பாதி பறித்தபடி நின்றது. அதன் குழியில் அருள்தாஸின் கடப்பாறை குத்தியபடி இருந்தது. கிழக்கே மேகம் கறுத்திருந்தது.

பொற்கொடி ஸ்கூட்டியைத் திருப்பினாள்.

"நீ கெளம்பு தாயி. ஒரே ஒரு தூருதான் பாக்கி. நான் முடிச்சுட்டு வீட்டுக்குப் போறேன்."

"மழை வந்தா இந்த ஒரு தூரா தண்ணியத் தடுத்துரும்?"

"தடுக்காதுதான். சுத்தி ஓடிரும். இருந்தாலும் அரைகுறையாக் கெடக்குதே." ஆதிமூலம் குழிக்குள் இறங்கிக் கடப்பாறையைப் பிடித்தார். "பாரேன், கடப்பாறையை மறந்துட்டுப் போயிட்டான். களவு போயிட்டா? பத்திரமா எடுத்து வைக்கலாம்."

பொற்கொடி வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"பஸ்ஸுல எடம் பிடிக்க ஜன்னல் வழியாத் துண்டு போட்டுட்டுப் போவாங்கல்ல தலைவரே, இது அவன் போட்ட துண்டு. எடுத்துறாதீங்க."

வண்டி போய்விட்டது. ஆதிமூலம் கடப்பாறையிலிருந்து கையை எடுத்தார். காலி டீத்தூக்கை எடுத்துக்கொண்டு கரையேறினார்.