ஐம்பது வீட்டுத் தெருவில் எட்டு வீடு கூடுதல்

ஒரு வினாத்தாளின் ஓரத்தில், கணக்குப் போட்டுப் பார்ப்பதற்கென்று விட்டிருந்த வெள்ளை இடத்தில், ஒரு கூட்டல்குறி வசித்துவந்தது. மற்றவர்கள் எப்படிக் கூப்பிட்டாலும் அது தன்னைக் கூட்டலார் என்றுதான் சொல்லிக்கொள்ளும். அதனால் நாமும் அப்படியே சொல்லிவிடுவோம்.

"சேர்த்து வைக்கிறதுதான் நம்ம தொழில். நான் யாரையும் வெளியே அனுப்பினது கிடையாது" என்பார் கூட்டலார். சொல்லும்போது மூலையில் படுத்துக் கிடக்கும் கழித்தல்குறியை ஒரு பார்வை பார்ப்பார். கழித்தல் அப்படியே கிடக்கும். அதற்குப் படுத்தே பழக்கம்.

இருவரும் பூங்கோதையிடம் வேலை பார்த்தார்கள். பூங்கோதை ஜெராக்ஸ் கடையில் வேலை செய்துகொண்டே அரசு வேலைக்கான தேர்வை மூன்றாம் முறையாக எழுதிக்கொண்டிருந்தாள். இந்த ஆண்டோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது. போன முறை ஒரே ஒரு கேள்வியில் வாய்ப்புப் போயிற்று. அந்தக் கேள்வியில் உழைத்தவர் கூட்டலார்தான். அதை அவர் யாரிடமும் சொல்வதில்லை.

தேர்வு முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது நாற்பத்தேழாம் கேள்வி வந்தது. ஒரு தெருவில் ஐம்பது வீடுகள். முப்பது வீட்டில் ஆடு இருக்கிறது. இருபத்தெட்டு வீட்டில் கோழி இருக்கிறது. பதினைந்து வீட்டில் இரண்டும் இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு ஒரு வீட்டைத் தொட்டால், அங்கே ஆடோ கோழியோ இருப்பதற்கு நிகழ்தகவு எவ்வளவு?

"என்னைக் கூப்பிடு" என்றார் கூட்டலார். பூங்கோதை கூப்பிட்டாள். முப்பதுக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவில் போய் நின்று, கண் இமைப்பதற்குள் ஐம்பத்தெட்டைக் கொண்டுவந்து வைத்தார். கீழே விடைகளைப் பார்த்தார். 'இ' என்ற இடத்தில் 58/50 என்று அச்சாகியிருந்தது.

கூட்டலார் பூரித்துப்போனார். "கேள்வி போட்டவர் எவ்வளவு பெரிய மனுஷர் பார்த்தியா! நான் என்ன சொல்வேன்னு தெரிஞ்சு, மரியாதையா அச்சடிச்சே வெச்சிருக்கார்" என்றார்.

"தெரிஞ்சுதான் வெச்சிருக்கார்" என்றது கழித்தல், மூலையிலிருந்து.

பூங்கோதை 'இ' வட்டத்தைக் கறுப்பாக்கப் பேனாவை எடுத்தாள். ஒருமுறை கறுப்பாக்கினால் மாற்ற முடியாது.

அப்போது கேள்விக்குள் இருந்த தெருவிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். செங்கமலம் என்று பெயர். ஒரு கையில் ஆட்டுக் கயிறு, மறு கக்கத்தில் கோழி.

"சார், எங்க வீட்டை ரெண்டு தடவை எண்ணிட்டீங்க."

"நல்லதுதானே அம்மா? இரட்டை மரியாதை!"

"மரியாதை கெடக்கட்டும். ரெண்டு ரேஷன் கார்டு தருவீங்களா? ரெண்டு ஓட்டுப் போட விடுவீங்களா? அதெல்லாம் இல்லாம, தலையை மட்டும் ரெண்டா எண்ணுனா எப்படி? ஆட்டுக்காரங்க கூட்டத்துக்கும் என்னைக் கூப்பிடுறாங்க, கோழிக்காரங்க கூட்டத்துக்கும் கூப்பிடுறாங்க. நான் ஒருத்தி எத்தனை எடத்துக்குப் போவேன்? அதை விடுங்க. இருக்கிறது அம்பது வீடு. மிச்சம் எட்டு வீட்டை எங்க கட்டுனீங்க?"

கூட்டலார் தெருவைப் பார்த்தார். கோடியில் எட்டு வீடுகள் நின்றன. சுவர் உண்டு, கதவு உண்டு, ஆள் இல்லை. வாழ்நாள் முழுக்க இப்படி எத்தனை ஆளில்லாத வீடு கட்டியிருப்போம் என்று தன் நான்கு கைகளாலும் எண்ணத் தொடங்கினார். போன தேர்வில் கட்டியவையும் நினைவுக்கு வந்தன.

பேனா வட்டத்துக்கு ஒரு விரல்கடை உயரத்தில் இருந்தது. கூட்டலார் கைகளை விரித்து ஐம்பத்தெட்டின் மேலேயே விழுந்தார். பூங்கோதையின் கண் அங்கே போயிற்று.

"ஐம்பதுல ஐம்பத்தெட்டா?" என்று முணுமுணுத்தாள். "ஏண்டி பூங்கோதை, போன தடவையும் இதேதானேடி பண்ணுன!" என்று தனக்குள் சிரித்துத் தலையில் தட்டிக்கொண்டாள். கண்காணிப்பாளர் திரும்பிப் பார்த்தார்.

கூட்டலார் மூலைக்குப் போனார். அந்த நாலங்குலத் தூரம் அவருக்கு நாலு மைல் போல இருந்தது. "கொஞ்சம் வர்றீங்களா?" என்றார். கழித்தலை 'நீங்கள்' என்று சொன்னது அதுதான் முதல்முறை.

கழித்தல் எழுந்துவந்ததைக் கண்டதும் செங்கமலம் கோழியை இறுக்கிக்கொண்டாள். "எங்களைத் தூக்கிடாதீங்க."

"உன் வாசப்படியை நான் மிதிக்கவே மாட்டேன்" என்றது கழித்தல். "ரெண்டு பட்டியல்லயும் உன் பேர் இருக்கு. ஒண்ணை மட்டும் அடிக்கிறேன். நீ உன் வீட்லயேதான் இருப்பே."

ஐம்பத்தெட்டிலிருந்து, அப்படி இரண்டு தடவை எண்ணிய பதினைந்து போயிற்று. யாரும் வீட்டைக் காலி செய்யவில்லை, எவரும் அழவில்லை. நாற்பத்து மூன்று. பூங்கோதை 43/50 என்ற வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

ஆளில்லாத எட்டு வீடுகளும் பொலபொலவென்று சரிந்தன. புழுதி அடங்கியதும் அவற்றின் பின்னால் ஏழு வீடுகள் தெரிந்தன. கூட்டலார் அவற்றை அதுவரை பார்த்ததே இல்லை. ஆடும் இல்லை, கோழியும் இல்லை. ஒரு வாசலில் ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க எப்பலேருந்து இங்க இருக்கீங்க?" என்று கேட்டார் கூட்டலார்.

"கேள்வி போட்ட நாள்லேருந்து. நீங்க எட்டு வீடு கட்டுனதுல நாங்க யார் கண்ணுக்கும் தெரியல."

"நான் யாரையும் வெளியே..." என்று ஆரம்பித்த கூட்டலார் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அந்த மனிதர் உள்ளே போய் ஒரு விளக்குமாற்றைக் கொண்டுவந்து நீட்டினார். "உங்க பேரு கூட்டல்தானே? வாசல் பூரா உங்க மண்ணுதான் கெடக்கு. கூட்டுங்க."