ஊற்றின் மேல் போட்ட மேடை

மாநகரத்தின் நடுவே ஒரு பூங்கா. பூங்காவுக்குள் ஒரு குளம். அந்தக் குளத்தில் ஓர் ஆமையும் ஒன்பது கெளுத்திக் குஞ்சுகளும் குடியிருந்தன.

அந்த வருஷம் சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. குளத்துத் தண்ணீர் நாளுக்கு நாள் இறங்கி, ஆமையின் முதுகு வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டது.

“பெரியம்மா, இந்தத் தண்ணி இன்னும் எத்தனை நாளைக்கு வரும்?” என்று குஞ்சுகளில் மூத்தது கேட்டது.

“பத்து நாள்” என்றது ஆமை.

வழி இல்லாமல் இல்லை. குளத்தின் வடக்கு மூலையில் ஓர் ஊற்று உண்டு. சேறு படிந்து அடைத்துக் கிடந்தது. நகரத்து விலங்குகள் எல்லாம் ஒரு காலையில் வந்து, ஆளுக்கு நாலு வாய் சேற்றை அள்ளிப் போட்டால் போதும், ஊற்று திறந்துகொள்ளும். அவற்றுக்கும் கோடை முழுக்கக் குடிதண்ணீர் கிடைக்கும்.

ஆனால் எல்லோரையும் கூட்டுவது யார்? நகரத்தில் எந்த விழா நடந்தாலும் முன்னால் நிற்பது பெருச்சாளிதான். ஆமை ஆடி அசைந்து அதனிடம் போய் விஷயத்தைச் சொன்னது.

“சேறு அள்ள வாங்கன்னு கூப்பிட்டா யாரு வருவாங்கக்கா?” என்று சிரித்தது பெருச்சாளி. “கோடைத் திருவிழான்னு போடுங்க. ஊரே திரண்டு வரும். சேறு அள்றதையும் நிகழ்ச்சியில ஓரமா சேர்த்துடலாம்.”

ஆமைக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

முதல் வேலை அழைப்பிதழ். தலைமை எருமை, முன்னிலை குரங்கு, வாழ்த்துரை பூனை, காகம் என்று எழுதி அனுப்பினார்கள். அவ்வளவுதான், பிடித்தது சனியன்!

“பூனை பேருக்குக் கீழயா என் பேரு?” என்று காகம் கத்தியது. தன் பெயரே இல்லையென்று ஆடு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது. தலைமை பெரிசா, முன்னிலை பெரிசா என்று குரங்கு வந்து கேட்டது. யாருக்கும் தெரியவில்லை. எது பெரிசோ அதுதான் தனக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனது. அழைப்பிதழை ஏழு தடவை மாற்றினார்கள். அதிலேயே ஐந்து நாள் போய்விட்டது.

“யார் மனசும் நோகக் கூடாது” என்று கடைசியில் பெருச்சாளி ஒரு முடிவுக்கு வந்தது. “வர்றவங்க எல்லாரையும் மேடையில ஏத்திடுவோம்.”

எல்லோரும் ஏறுகிற மேடை என்றால் சின்னதாகவா இருக்கும்? பூங்காவில் அத்தனை இடம் கிடையாது. குளத்தின் வடக்கு மூலைதான் காய்ந்து அகலமாகக் கிடந்தது. மண் கொட்டிச் சமப்படுத்தினால் மேடைக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும்.

“அங்கதானேப்பா ஊத்து இருக்கு” என்று பதறியது ஆமை.

“ஒரே ஒரு நாள்தானேக்கா. விழா முடிஞ்ச கையோட மண்ணை எடுத்துடலாம். அட, சொல்ல மறந்துட்டேன் பாருங்க. உங்க பேரை ‘விழா நாயகி’ன்னு தனியா, கொட்டை எழுத்துல போட்டிருக்கேன்.”

ஆமை அழைப்பிதழை வாங்கிப் பார்த்தது. நிஜமாகவே கொட்டை எழுத்துதான். எண்பது வருஷ வாழ்க்கையில் அதன் பெயரை யாரும் எங்கேயும் எழுதியதில்லை. வேண்டாம் என்று சொல்ல வந்ததை விட்டுவிட்டு, அழைப்பிதழை ஓட்டுக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டது.

தாங்கள் நிற்கப்போகிற இடமாயிற்றே! எருமை முதுகில் சுமந்தது, நாய் காலால் தள்ளியது, காகம்கூட அலகில் மண் கொண்டுவந்தது. ஒரே நாளில் இடுப்பளவு மண் ஏறிவிட்டது. இந்த உழைப்பில் பாதி போதுமே ஊற்றைத் திறக்க என்று ஆமை நினைத்தது. நினைத்துவிட்டு, அழைப்பிதழை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துக்கொண்டது.

ஒன்பதாம் நாள் விழா. மேடையில் நிற்க இடமில்லை. கீழே பார்வையாளர் பக்கம் ஒரு ஈ காக்கை கிடையாது. காக்கையும் மேடையில்தான் இருந்தது.

எருமைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கத்திரி வெயிலில் அதற்கு மூச்சு முட்டியது. ஆனாலும் கழற்றவில்லை, படம் எடுக்க வேண்டுமே. பிறகு குரங்கு ஆட்டுக்குப் போர்த்தியது, ஆடு நாய்க்குப் போர்த்தியது, நாய் திரும்பக் குரங்குக்கே போர்த்தியது. ஆமையின் ஓட்டின் மேலும் ஒன்று விழுந்தது.

“நேரம் இல்லாததால ரெண்டே வார்த்தை” என்று ஆரம்பித்த எருமை, தண்ணீரின் அருமையைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசியது. பேசி முடித்ததும் இன்னொரு விழா இருக்கிறதென்று கிளம்பியது. அதன் பின்னாலேயே பாதிக் கூட்டம் கிளம்பியது. மீதிக் கூட்டம் வாழ்த்துரை முடிந்ததும் நிழல் தேடிப் போனது.

“விழா மாபெரும் வெற்றி!” என்று பெருச்சாளி நன்றியுரையை முடித்தது.

“சேறு?” என்று கேட்டது ஆமை.

“அதான் தீர்மானம் போட்டாச்சேக்கா. ‘சேற்றை உடனே அள்ள வேண்டும்’னு கைதட்டி ஒருமனதா நிறைவேத்தியாச்சு.”

ஆமை பொன்னாடையை உதறிவிட்டுக் குளத்துக்கு ஓடியது. தட்டு அகலத்துக்குத்தான் தண்ணீர் மிச்சம். அதில் ஒன்பது குஞ்சுகளும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

“பெரியம்மா, எல்லாரும் வந்தாங்களா?”

“வந்தாங்க கண்ணு.”

“சேத்தை எடுத்துட்டாங்களா?”

ஆமை திரும்பி வடக்கு மூலைக்கு விரைந்தது. மேடைக்கு அடியில் புகுந்து தனியாகத் தோண்டத் தொடங்கியது. நகம் பெயர்ந்தது, ரத்தம் வந்தது, நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் ஊற்று திறந்தது. தண்ணீர் குளத்துக்கு வந்து சேர்ந்தபோது மூன்று குஞ்சுகள்தான் உயிரோடு இருந்தன. “கொட்டை எழுத்துக்கு ஆசைப்பட்டுப் பிள்ளைங்களைக் கொன்னுட்டேனே” என்று ஆமை வாய்விட்டு அழுதது.

தண்ணீர் வந்த சேதி கேட்டு எல்லா விலங்குகளும் வந்தன. எருமை வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தியது.

“பாத்தீங்களா, எல்லாம் நாம நடத்துன விழாவோட பலன்” என்றது.

“அடுத்த வருஷம் இன்னும் பெரிசா செஞ்சிடலாம்க்கா” என்றது பெருச்சாளி. “அழைப்பிதழை இப்பவே ஆரம்பிச்சுடவா?”

ஆமை அதை வெறித்துப் பார்த்தது. “எழுதறதா இருந்தா, செத்துப்போன என் ஆறு பிள்ளைங்க பேரை எழுது” என்றது.

“தாராளமா எழுதலாம்க்கா” என்று பெருச்சாளி பேனாவை எடுத்தது. “எந்தப் பேரை முதல்ல போடறது?”

பெயருக்கு முதலிடமும் வேலைக்குக் கடைசி இடமும் கொடுத்து நடத்துகிற விழா, யாருக்காக நடக்கிறதோ அவர்களையே கொன்றுவிடும்.