நியூட்ரலுக்கு வந்த டிரைவர்

ஆட்டோமேட்டிக் கார் வாங்கிய நாளிலிருந்து ஆலை முதலாளி தண்டபாணிக்கு இயந்திரங்கள் மேல் கருணை பெருகிவிட்டது.

"சிக்னல்ல நின்னா நியூட்ரல்ல போடு, மாசிலா. நிக்கிற வண்டியை கியர்லயே வச்சு வதைக்காதே" என்பார் டிரைவரிடம்.

அன்று ஒரு கல்யாண மண்டப வாசலில் மட்டும் உத்தரவு வேறு. "நான் வர்ற வரைக்கும் சீட்டை விட்டு இறங்காதே. இறங்கினா நாளைக்கு வேலைக்கு வராதே."

சாப்பிட்டுக் கை கழுவ வந்த முதலாளி, கடைசிப் பந்தியில் மாசிலாமணியைக் கண்டார்.

"யாரைக் கேட்டு இறங்கினே?"

பந்தியே திரும்பியது.

"நீங்க சொன்னதுதான் ஐயா. சிக்னல்ல மூணு நிமிஷம் நிக்கிற வண்டியையே வதைக்கக் கூடாதுன்னீங்க. நான் மூணு மணி நேரமா பசியோட கியர்லயே இருந்தேன்."

பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்த கல்யாணப் பெண்ணின் அப்பா தண்டபாணியை ஒரு பார்வை பார்த்தார்.

"அவருக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் ஊத்துங்க" என்றார் முதலாளி, அவசரமாக.