சுனை நீர் சிந்தவில்லை

மலைகள் மனிதரோடு பேசுவதை அப்போதுதான் நிறுத்தியிருந்த ஒரு காலம். கூகைமலை அடிவாரத்தில் செம்பான் என்பவன் செக்காட்டிப் பிழைத்து வந்தான். செக்கைச் சுற்றிச் சுற்றியே நடந்த கால்கள் அவனுடையவை, மலையேறி அறியாதவை. அவனுக்கு ஒரே மகள், பெயர் நாச்சி. அவளுக்கு ஒரு நாய், பெயர் சடையன்.

நாச்சிக்குக் காய்ச்சல் கண்டது. ஏழு நாளாகியும் இறங்கவில்லை. வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

"மலையுச்சிச் சுனைத் தண்ணியைக் கொடுத்துப் பாரு. நாளைப் பொழுது சாயறதுக்குள்ள கொண்டாந்துரு" என்றார்.

அந்தச் சுனைக்கு ஊரில் மூன்று கட்டுப்பாடு உண்டு. மொண்ட நீரை இரு கையாலும் ஏந்தி வர வேண்டும், கீழே வைக்கக் கூடாது. வீடு சேரும்வரை வாய் திறக்கக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. ஒன்று தவறினாலும் அது வெறும் தண்ணீர்.

விடிந்ததும் செம்பான் சுரைக்குடுக்கையை எடுத்தான். "சடையனைக் கூட்டிக்கிட்டுப் போய்யா. முயல் விரட்டி விரட்டி மலை பூரா அதுக்குத்தான் தெரியும்" என்றாள் மனைவி வீராயி.

ஏறும்போது முட்புதரில் வழி தொலைந்தது. சடையன் முன்னே போய் வழி காட்டியது. பாசிப் பாறையில் கால் வைக்கப் போனான். வேட்டியைக் கவ்வி இழுத்தது. கரடி எதிர்ப்பட்டது, குரைத்தே விரட்டியது. மூன்று முறை காத்த நாயை அவன் ஒரு முறைகூடத் தடவிக் கொடுக்கவில்லை. மகள் நினைப்பில் இருந்தவனைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

உச்சி வெயிலில் சுனையை அடைந்தான். மொண்டான். ஏந்தினான். பத்தடி நடந்திருப்பான், முன்னால் துள்ளிப் போன சடையனின் கால் பாறைப் பிளவில் மாட்டிக்கொண்டது.

ஒரு கல்லைப் புரட்டினால் போதும், கால் வெளியே வந்துவிடும். புரட்ட இரண்டு கையும் வேண்டும். கையிலோ குடுக்கை.

செம்பான் நின்றான். சடையன் அவனைப் பார்த்து வாலாட்டியது. எடுத்துவிடத்தான் நிற்கிறான் என்று அது நம்பியது, பாவம்.

அவன் அதைத் தாண்டி நடந்தான்.

முதலில் சடையன் கூப்பிடுவதுபோல் குரைத்தது. பிறகு முனகியது. பிறகு ஊளையிட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. கண்ணீர் மட்டும் வழிந்தது.

பாதி மலையில் பனிமூட்டம் இறங்கியது. சடையன் இருந்திருந்தால் மோப்பம் பிடித்தே வீடு சேர்த்திருக்கும். செம்பான் செக்குமாடுபோல் ஒரே பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தான். பொழுது சாய்ந்தது, விடிந்தது. மறுநாள் நடுப்பகலில்தான் ஊருக்குள் வந்தான். ஒரு சொட்டு நீர் சிந்தவில்லை, ஒரு கட்டுப்பாடு தவறவில்லை.

வாசலில் ஊரே கூடியிருந்தது. நாச்சி விடியற்காலையிலேயே போய்விட்டிருந்தாள்.

வீராயி அழுது ஓய்ந்த கண்ணால் அவனுக்குப் பின்னால் பார்த்தாள். "சடையன் எங்கய்யா? புள்ள கடைசிவரைக்கும் அதைத்தான் கேட்டுச்சு."

அவன் நடந்ததைச் சொன்னான். அவள் கத்தவில்லை.

"சுனைக்கும் அதுக்கும் பத்தடிதானேய்யா? இருந்த தண்ணியைக் கொட்டிட்டு, அதை எடுத்துவிட்டுட்டு, மறுபடி மொண்டிருக்கலாமே. சுனை என்ன வத்தியா போச்சு?"

கேட்டுக்கொண்டிருப்பவர்களே, உங்களுக்கு இது முன்பே தோன்றியிருக்கும். பதறிக் கிடந்த அவன் புத்திக்கு அந்த நிமிடம்தான் எட்டியது. குடுக்கையோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

மகளை அடக்கம் செய்த கையோடு, வழி தெரிந்த இருவரை அழைத்துக்கொண்டு மலையேறினான். இப்போது வாய் திறக்கத் தடையில்லை. "சடையா! சடையா!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டே போனான். பதில் இல்லை. பிளவில் கால் மாட்டியபடியே சடையன் பனியில் விறைத்துச் செத்துக் கிடந்தது. அவன் இறங்கிப் போன பாதையைப் பார்த்தே தலை சாய்த்திருந்தது. செம்பான் கல்லைப் புரட்டினான். ஒரே புரட்டில் அது புரண்டது.

உடன் வந்த உயிரைத் தவிக்க விட்டுக் கட்டுப்பாட்டைக் காப்பவனுக்குக் கட்டுப்பாடு மட்டுமே மிஞ்சும்.